பல் மருந்தகத்துக்குத் திரும்பப் போவது எப்படி: பல வருஷம் தள்ளிப்போட்டவர்களுக்கு

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதில் பல் டாக்டரைத் தேடிப் போக வேண்டிய வேலையே இருந்ததில்லை. தொடக்கப்பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பெயரைக் கூப்பிடுவார்கள், பள்ளிக்குள்ளேயே இருக்கும் பல் மருந்தகத்துக்குப் போய் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம், உள்ளேயிருந்து கர்ரென்று சத்தம் வரும், கடைசியில் இருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவையில் (ராணுவம், காவல் மாதிரி) அங்கேயே பார்த்துவிட்டார்கள். சேவை முடிந்ததும் அதுவும் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை, பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வேறு கதை. "லீவுல போறப்ப ஊர்லயே பாத்துக்கலாம், இங்க காசு ஜாஸ்தி" என்பார்கள். ஊருக்குப் போனால் இரண்டு வாரத்தில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வம் கோயில், பத்திர ஆபீஸ். பல் ஞாபகத்துக்கு வரும்போது விமானம் ஏறியிருப்பார்கள். என்னோடு வேலை பார்க்கும் புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் இப்படியே ஏழு வருஷம் இடது பக்கத்தில் மட்டும் மென்று சாப்பிட்டார்.

இப்படி விட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காசும் வலியும் ஒரு காரணம்தான், ஆனால் பல பேரைத் தடுப்பது வெட்கம். வாயைத் திறந்தால் திட்டுவார்களோ, "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க" என்று கேட்பார்களோ என்ற நினைப்பு. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, முதல் தடவை போவதை வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது. அன்றைக்கே எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டியதில்லை. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தால் போதும்.

முதலில் அவசரமா இல்லையா என்று பாருங்கள்

கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கவோ மூச்சு விடவோ வாயைத் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் பல் மருந்தகத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சுத் திணறல் என்றால் ஆம்புலன்சுக்கு 995. பல்லிலிருந்து கிளம்பிய கிருமி கழுத்துவரை பரவினால் உயிருக்கே ஆபத்து.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருக்கென்று கூசி, சில நொடியில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் நேரம் இருக்கிறது. எதுவும் படாமலே தானாக வலிப்பது, சூடு பட்டால் நெடுநேரம் விண்விண்ணென்று தெறிப்பது, ராத்திரி படுத்ததும் எழுப்பி உட்கார வைப்பது, இதெல்லாம் பல்லின் நரம்பு வரை போய்விட்டதன் அறிகுறி. இந்த வாரமே போங்கள்.

பல பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பத்து நாள் உயிரை எடுத்த வலி திடீரென்று ஒருநாள் நின்றுவிடும். "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். வேருக்கு அடியில் சீழ் சேர்வது நிற்காது. புதுக்கோட்டை அண்ணனுக்கு நடந்தது அதுதான். வலி போய் ஒரு வருஷம் கழித்து ஈறில் ஒரு சின்னப் பரு மாதிரி வந்தது, அமுக்கினால் உப்பாக ஏதோ வந்தது, அதையும் அவர் பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

போகும் நாள்வரை வலியைத் தாங்க, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டால் பாராசிட்டமால் போடலாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் பக்கத்தில் அதக்கி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது சாஸ் அட்டை, மருத்துவச் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் அட்டை அது. நீலமோ ஆரஞ்சோ வைத்திருந்தால் திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் பல் மருந்தகங்களில் கழிவு உண்டு. முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்த பெரியவர்களுக்கும் உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை தடவை என்று வரம்பு இருக்கிறது, அதனால் "என் அட்டைக்கு இதுல எவ்வளவு கழியும்" என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே முன்மேசையில் கேட்டுவிடுங்கள். நம் அம்மா அப்பாக்கள் நிறையப் பேர் அட்டையைக் காய்ச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் மட்டும் நீட்டுகிறார்கள், பல்லுக்கும் செல்லும் என்று அவர்களுக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது.

அரசாங்க மருந்தகங்களான பாலிகிளினிக்குகள் சிலவற்றில் பல் பிரிவு இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். அவசரம் இல்லாதவர்களுக்கு நல்ல வழி, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ரொம்ப நாள் கழித்து இப்போதுதான் மனசு வந்திருக்கிறது என்றால் மாதக்கணக்கில் தள்ளிக் கிடைக்கும் தேதி அந்த மனசைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் முதல் தடவை மட்டும் வீட்டுக்குக் கீழே, வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) கடைவரிசையில் இருக்கும் மருந்தகத்துக்குப் போய்விடுவது நல்லது என்பது என் கருத்து. சிக்கலான பல்லாக இருந்தால் பாலிகிளினிக் கடிதம் கொடுத்து ஊட்ராமில் இருக்கும் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ, கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்துக்கோ அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தோடு போகும் குடிமக்களுக்கு அரசாங்கக் கழிவு போகக் குறைந்த கட்டணம். நீங்களே நேராகப் போனால் தனியார் நோயாளிக் கட்டணம், அதனால் கடிதம் முக்கியம்.

தனியாரில் நான் முதல் தடவை கொடுத்தது, பார்க்க, இரண்டு எக்ஸ்ரே எடுக்க, சுத்தம் செய்ய எல்லாம் சேர்த்து 140 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கொஞ்சம் மேல். இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் சொன்ன விலைக்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மெடிசேவை (சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென்று சேரும் கட்டாயச் சேமிப்பு) அறுவைச் சிகிச்சை தேவைப்படும் வேலைக்கு எடுக்கலாம், உதாரணமாகத் தாடைக்குள் புதைந்திருக்கும் ஞானப்பல்லை வெட்டி எடுப்பது, இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைப்பது. சுத்தம் செய்வதற்கு எடுக்க முடியாது. வேலையிடத்தில் பல்லுக்கென்று வருடாந்திரத் தொகை இருக்கிறதா என்றும் மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் உண்டு, யாரும் கேட்காமலே டிசம்பரோடு காலாவதியாகிவிடும்.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு: ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கிறது, பல் சிகிச்சையும் உண்டு, தொண்டூழிய டாக்டர்கள் வந்து பார்க்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் வீணாகக் கூடாது.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். விலை குறைவுதான், நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே தடவையில் முடியும் வேலைக்குச் சரி. ரூட் கெனால் (பல்லுக்குள் கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) மாதிரி பல தடவை போக வேண்டி வரக்கூடியதற்கு, பாதியில் வலி வந்தால் எல்லை கடக்கும் காஸ்வேயில் இரண்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். ஊரில் போய்ச் செய்வதற்கும் இதே கணக்குதான்.

டாக்டர் பதிவு பெற்றவரா என்று சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

முன்பதிவு செய்யும்போது இதைச் சொல்லுங்கள்

நான் போனில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "பல் டாக்டரைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகுது. எனக்குக் கொஞ்சம் பயம். முதல் தடவை செக் பண்ணி, முடிஞ்சா கிளீன் மட்டும் பண்ணிட்டு வந்துடறேன், வேற எதுவும் அன்னைக்கே வேண்டாம்." அவ்வளவுதான். முன்மேசையில் இருந்த பெண் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, "கொஞ்சம் நேரம் கூடுதலா போட்டுக்கறேன்" என்றார். வருஷத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். எத்தனை நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள், ஆங்கிலம் வராது என்றால் தமிழ் பேசும் டாக்டரோ உதவியாளரோ இருக்கிறாரா என்று கேளுங்கள், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் மட்டும் அல்ல, மற்றப் பேட்டைகளிலும் இருக்கிறார்கள்.

காலை நேரமாகப் பார்த்து வாங்குங்கள். சாயங்காலம் என்றால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றோடு பயமும் சேர்ந்தால் தலை சுற்றும்.

அடையாள அட்டையோடு நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் படம் பிடித்தாலும் போதும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின், எலும்பு மெலிவுக்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரை அல்லது ஊசி, இவற்றை டாக்டர் பல் பிடுங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். இதயத்தில் வால்வு மாற்றியிருந்தால், கர்ப்பமாக இருந்தால், ஏதாவது மருந்து ஒவ்வாது என்றால் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் கடைசி அளவைச் சொல்லுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இரண்டுமே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

நாற்காலியில் என்ன நடக்கும்

உட்கார்ந்ததும் நிறுத்தச் சொல்வதற்கு ஒரு கைச் சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இடது கையைத் தூக்கினா நிறுத்திடுங்க" என்று முன்பே சொல்லிவைத்தால், வாயில் கருவி இருக்கும்போது பேச முடியாத தவிப்பு பாதி குறைந்துவிடும். நான் அன்றைக்கு இரண்டு தடவை தூக்கினேன். ஒரு தடவை வலித்தது, இன்னொரு தடவை உண்மையிலேயே நிறுத்துகிறார்களா என்று பார்க்க. இரண்டு தடவையும் நிறுத்தினார்கள்.

முதலில் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்புறம் முனை மழுங்கிய, கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி அளப்பார்கள். டாக்டர் எண்களாகச் சொல்லிக்கொண்டே போவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். இந்த எண்களின் அர்த்தம் தெரிந்தால் படுத்திருக்கும்போதே உங்கள் நிலவரம் புரிந்துவிடும். அவை மில்லிமீட்டர். 1, 2, 3 என்று வந்தால் நல்லது. 4 வந்தால் கவனிக்க வேண்டும். 5, 6 என்று போனால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகியிருக்கிறது, உள்ளே எலும்பு குறைந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. எனக்கு முன்பற்களில் எல்லாம் இரண்டும் மூன்றுமாக வந்துகொண்டிருந்தது, நிம்மதியாகப் படுத்திருந்தேன், வலது கீழ்க் கடைவாய்க்கு வந்ததும் "ஆறு" என்றார். ஒரு வலியும் இல்லாத பல் அது. பல் தேய்க்கும்போது அந்த மூலையில்தான் கொஞ்சம் இரத்தம் வரும், அதனாலேயே அங்கே பிரஷ்ஷைக் கொண்டுபோகாமல் விட்டிருந்தேன். செய்ய வேண்டியது நேர் எதிர். இரத்தம் வரும் இடத்தில்தான் அழுக்கு தங்கியிருக்கிறது, அங்கேதான் பொறுமையாக, மென்மையாகத் தேய்க்க வேண்டும்.

நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வெற்றிலை பாக்குப் பழக்கமோ சிகரெட்டோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படிந்திருக்கும் தடம் இருந்தால் நீங்களே விரலால் காட்டுங்கள்.

சுத்தம் செய்வது பற்றி

"ஸ்கேலிங் பண்ணினா பல் ஆட்டம் கண்டுடும்" என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். என் பாட்டி அப்படித்தான் கடைசிவரை போகவில்லை. நடப்பது இதுதான்: பல்லில் தினமும் படியும் பிசுபிசுப்பை எடுக்காமல் விட்டால் அது எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொண்டு காரையாகக் கெட்டிப்படுகிறது. அதற்கப்புறம் எந்த பிரஷ்ஷாலும் போகாது. காரை ஈறுக்கு அடியில் இறங்க இறங்க எலும்பு கரைகிறது, பல் பிடிப்பை இழக்கிறது. ஆனால் காரையே பற்களைச் சேர்த்து ஒட்டிவைத்த மாதிரி பிடித்துக்கொண்டிருப்பதால் ஆட்டம் வெளியே தெரிவதில்லை. அதை எடுத்ததும் தெரிகிறது. பல்லை ஆட்டியது எடுத்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம். பிடிப்பு எப்போதோ போய்விட்டது.

கருவி அதிர்ந்துகொண்டே தண்ணீர் பீய்ச்சும், கூடவே ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டிருக்கும். மூக்கால் மூச்சு விடுங்கள். கூசும், சில இடங்களில் வலிக்கும். தாங்க முடியவில்லை என்றால் மரத்துப்போகும் ஊசி கேட்கலாம், கேட்பதில் ஒன்றும் தப்பில்லை. எனக்குக் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் இருந்துதான் நிறைய வந்தது, துப்பும்போது தொட்டியில் மணல் மாதிரி கிடந்தது. எழுந்ததும் நாக்கால் தடவினேன், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பது பல வருஷம் கழித்து அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மூன்று நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும், ஈறிலிருந்து கொஞ்சம் இரத்தம் வரலாம், பயப்பட வேண்டாம். ரொம்ப வருஷம் விட்டவர்களுக்கு ஒரே தடவையில் முடிக்காமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துச் செய்வார்கள்.

பட்டியலைக் கையில் வாங்குங்கள்

முடிந்ததும் டாக்டர் ஒரு பட்டியல் சொல்வார். இத்தனை பல் அடைக்க வேண்டும், இதை எடுக்க வேண்டும், இதற்கு ரூட் கெனால், மேலே மூடி. மொத்தத் தொகையைக் கேட்டதும் மனசு விட்டுப்போகிறது, திரும்பி வராமல் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் போகிறார்கள். அதனால் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள், அப்புறம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எதை முதலில் செய்யணும்? எது ஆறு மாதம் காத்திருக்கும்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் பொறுமையாக எக்ஸ்ரேயில் காட்டிப் பதில் சொல்வார். எனக்குச் சொன்ன ஐந்தில் இரண்டுதான் உடனே செய்ய வேண்டியவை. மற்ற மூன்றையும் ஒரு வருஷத்தில் பரப்பிச் செய்தேன்.

பதில் திருப்தியில்லை, அல்லது "இன்னைக்கே முடிவு பண்ணினா கழிவு" என்கிற மாதிரி அவசரப்படுத்துகிறார்கள் என்றால், "யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடலாம். எக்ஸ்ரே நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். சாஸ் அட்டையில் கழித்திருந்தால் ரசீதில் எழுதியிருப்பதும் வாயில் செய்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிடுங்கிவிடுவதா, ரூட் கெனால் செய்து காப்பாற்றுவதா என்ற கேள்வி பல பேருக்கு வரும். பிடுங்குவது மலிவு, காப்பாற்றுவது விலை கூட. ஆனால் பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் காலப்போக்கில் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப் பல் இறங்கலாம், திரும்பப் பல் கட்ட நினைத்தால் அதற்கு ஒரு செலவு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பணம் உண்மையிலேயே இல்லை என்றால் பிடுங்குவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், சீழ் வைத்த பல்லை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஊசி போட்டால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள், சூடான தே வேண்டாம், வெந்தாலும் தெரியாது. ஊசி போட்டதும் சில பேருக்கு இதயம் படபடக்கும். மருந்தோடு சேர்த்திருக்கும் அட்ரினலின் செய்கிற வேலையாக இருக்கலாம், பெரும்பாலும் சில நிமிஷத்தில் அடங்கும். ஆனால் அந்த நேரத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடுமையாகச் சீழ் பிடித்த பல்லில் மரத்துப்போகும் மருந்து சரியாக வேலை செய்யாமல் போவது உண்டு. "எனக்கு ஊசியே பிடிக்காது" என்று சொல்கிற பல பேர் அப்படிப்பட்ட ஒரு நாளில் மாட்டிக்கொண்டவர்கள்தான். வலி முற்றுவதற்கு முன்னால் போனால் அந்த அனுபவம் வர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு

பிரஷ்ஷை மாற்றுங்கள், மென்மையானதாக வாங்குங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசை, தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து அந்த ஃபுளோரைடைக் கழுவிவிடாதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், அது சொத்தையைக் குறைக்கும், காரையை ஒன்றும் செய்யாது. ராத்திரி படுக்கும் முன் தேய்ப்பதுதான் முக்கியமானது, நம்மில் நிறையப் பேர் காலையில் மட்டும் தேய்த்து வளர்ந்தவர்கள். பல் இடுக்குக்குச் சின்னச் சின்ன பிரஷ்கள் மருந்துக் கடைகளில் கிடைக்கும், எந்த அளவு உங்களுக்குச் சேரும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரத்தம் வரும், விடாமல் செய்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும். தே தாரிக்கோ கோப்பிக்கோ சீனி போடுகிறவர்கள் ஒரே மூச்சில் குடித்து முடியுங்கள். மேசையில் வைத்துக்கொண்டு காலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் அத்தனை நேரமும் பல் சீனியில் ஊறும்.

கடைசியாக, மருந்தகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் முன்மேசையிலேயே அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். "வீட்டுக்குப் போய்க் கூப்பிடறேன்" என்று நான் சொல்லப்போனபோது அந்தப் பெண் நாள்காட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார், நானும் ஒரு சனிக்கிழமையைக் காட்டினேன். அம்மாவுக்கும் அதே நாளில் அரை மணி நேரம் தள்ளி ஓர் இடம் கேட்டு வாங்கினேன், ஆரஞ்சு அட்டையோடு.